நடுத்தர ஜோடி

சீட்டுக் கட்டைப் பற்றி ஓர் உபாத்தியாயர் எழுதப் புகுந்தால் நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களுடைய ஐயம் நியாயமானதே. சூதினால் நாடிழந்த தருமபுத்திரர் கதையையும், கலி பிடித்துக் காடேகிய நளன் சரித்திரத்தையும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. அவற்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்து மதிற்சுவருக்கு அப்பால் நம்மிடம் படித்த பிள்ளைகள் எதை ஆடுகிறார்கள் என்று பாராமல் இருப்பது நம்முடைய தொழிலுக்கு அழகன்று. தருமபுத்திரர் ஆடத் தெரியாமல் தோற்றார் என்பார்கள். அவருக்கு எழுந்திருக்கவும் தெரியவில்லை என்பதைப் பலர் சொல்வதில்லை. அதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

நமது ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குச் சற்றுத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. விடிந்ததும் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்குப் பாடு எப்படி?" என்பதே. வலைக்கு மீன் பட்டதா, படவில்லையா என்பது அதன் பொருள். கச்சான் வீசும் நாட்களில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டே நிழலில் உட்கார்ந்து ரம்மி ஆடுவது இங்கே பழைய வழக்கம். ஆனால் இப்போது வேறோர் ஆட்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. கப்பல் உத்தியோகத்துக்குப் போன இளைஞர்கள் விடுமுறையில் திரும்பும்போது கொண்டுவந்தது அது. 'போக்கர்' என்று பெயர்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். அவற்றை அவரவர் மட்டுமே பார்க்கலாம். பின்னர் மேஜை நடுவே ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும்: முதலில் மூன்று, அப்பால் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணயம் வைப்பதா, உயர்த்துவதா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவதா என்று வரிசையாகக் கேள்வி வரும். முடிவில் தம் இரண்டு, பொது ஐந்து ஆகிய ஏழிலிருந்து சிறந்த ஐந்தை அமைப்பவர் வெல்லுவார். அல்லது மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால், கையில் ஒன்றும் இல்லாதவரும் வெல்லுவார்!

இதையே பந்தயப் போட்டியாக நடத்தும்போது, எல்லோரும் ஒரே கட்டணம் செலுத்தி, ஒரே அளவு வில்லைகளைப் பெற்று அமர்கிறார்கள். வில்லைகள் தீர்ந்தவர் எழுந்து போகவேண்டும். சீட்டைப் பார்க்கும் முன்னரே இருவர் கட்டாயமாக வைக்கவேண்டிய பணயம் ஒன்று உண்டு. அது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். ஆகையால் தொடக்கத்தில் எல்லோரிடமும் கைமுதல் ஏராளம், கட்டாயச் செலவு அற்பம். முடிவை நெருங்கும்போது இந்நிலை தலைகீழாகிவிடும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். முதல் இரண்டு சீட்டுகளே ஜோடியாக வந்தால் அது பாக்கியம். 17 முறைக்கு ஒருமுறைதான் அவ்வாறு வரும். ராஜா ஜோடியோ ஏஸ் ஜோடியோ வந்தால் என்ன செய்வதென்று குழந்தைக்கும் தெரியும். இரண்டும் மூன்றுமாக ஒட்டாத சீட்டுகள் வந்தால் கவிழ்த்துவிடுவதும் எளிது. ஆறு முதல் ஒன்பது வரையிலான நடுத்தர ஜோடி வந்தால்தான் மனிதனுடைய புத்திக்குச் சோதனை. அதைக் கீழே போட மனம் வராது. மேலே போக வலுவும் போதாது. நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து, நடுத்தர மார்க்கு வாங்கி, நடுத்தரச் சம்பளத்தில் காலந்தள்ளும் நம் போன்றவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல.

எட்டு ஜோடியை எடுத்துக்கொள்வோம். பொதுச் சீட்டில் முதல் மூன்று விரியும்போது இன்னோர் எட்டு வந்துவிட்டால், கையில் மூன்று எட்டுகள்! எதிரி அதை ஊகிக்கவும் முடியாது. ஏனெனில் மேஜைமேல் அவன் காண்பது ஓர் எட்டு மட்டுமே. ஆனால் அவ்வாறு வருவதற்கு உள்ள வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் சற்றுக் குறைவு. எளிதில் நினைவில் வைப்பதானால், 17 முறைக்கு 2 முறை. எட்டு வராதபோது நிலைமை என்ன? முதல் மூன்று சீட்டிலும் எட்டுக்கு மேற்பட்டது ஒன்றுமே வராமல் இருப்பது நூற்றுக்கு 13 தடவைதான். மற்ற 87 தடவையும் ஒன்பதோ, பத்தோ, ஜாக்கியோ, ராணியோ, ராஜாவோ, ஏஸோ நடுவில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்து நகைக்கும். எதிரியின் கையில் அதற்கு இணை இருக்கிறதா என்ற திகிலும் உடனே பிறந்துவிடும்.

ஆகவே கணக்கு இப்படி அமைகிறது. எல்லோரிடமும் 25,000 வில்லைகள் இருக்கின்றன. ஒருவர் 500 வைக்கிறார். நாம் எட்டு ஜோடியுடன் 500 கொடுத்து மூன்று சீட்டைப் பார்க்கிறோம். 17 தடவை இப்படிச் செய்தால் 15 தடவை மூன்றாவது எட்டு வராது. அப்போதெல்லாம் ஒதுங்கிவிடுவதாக வைத்துக்கொண்டால், போனது 7,500. எட்டு வரும் இரண்டு தடவையும் சேர்ந்து அந்த 7,500-ஐ மீட்கவேண்டும். அதாவது தடவைக்கு 3,750. இது கைமுதல் தேறுவதற்கு மட்டுமே. சில சமயம் எதிரியிடம் ஒன்றுமிராது. அவன் ஒரு காசும் தராமல் ஒதுங்கிவிடுவான். சில சமயம் மூன்று எட்டும் தோற்கும். இவற்றையெல்லாம் ஈடுகட்ட, நாம் கொடுக்கும் விலையைப் போல் பதினைந்து அல்லது இருபது மடங்காவது நம்மிடமும் எதிரியிடமும் மீதமிருக்கவேண்டும் என்பது அனுபவசாலிகளின் கொள்கை. தொடக்கத்தில் 500-க்குப் பின்னால் 24,500 இருக்கிறது, தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் வேறொருவர் குறுக்கிட்டு 5,000 என்று உயர்த்தினாலோ, அதே எட்டு ஜோடி கவிழ்க்கவேண்டிய சீட்டாகிவிடுகிறது. ஜோடி மாறவில்லை, அதைப் பார்ப்பதற்கு உரிய விலைதான் மாறிவிட்டது.

இந்தக் கணக்கை நாம் சீட்டாட்டக்காரர்களிடமிருந்து முதன்முதலில் கற்கவில்லை. இந்தக் கடற்கரையே நூற்றாண்டுகளாக ஆடிவந்த ஓர் ஆட்டம் உண்டு. அதில் சீட்டுக்குப் பதிலாகச் சிப்பி.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள பார்களில் சர்க்கார் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளித்தெடுத்த சிப்பிகளில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்குபவர் சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. மூடிய சிப்பிக்கே விலை. வாங்கியதைக் குவித்து, நாட்கணக்கில் அழுகவிட்டு, துர்நாற்றத்தையும் ஈக்களையும் பொறுத்துக்கொண்டு கழுவிச் சலித்த பின்னரே, கிடைத்தது ஆணிமுத்தா, வெறும் தூளா என்பது தெரியும். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றுமே இராது.

ஆனால் ஏலம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்ததென்று எண்ணிவிடலாகாது. குளிப்புத் தொடங்குவதற்கு முன்பாகவே சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்து, முத்துக்களைப் பிரித்து, வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று விளம்பரம் செய்வார்கள். நம் 17-க்கு 2 என்பதைப் போன்ற கணக்கே அது. அக்கணக்கை மனத்தில் வைத்து, அதற்குக் கீழே வாங்கியவர் நிலைத்தார். பக்கத்துக் குவியலில் பெரிய முத்து அகப்பட்டதென்ற பேச்சைக் கேட்டு அதற்கு மேலே கூவியவர், சிப்பி நல்லதாயிருந்தும் நஷ்டப்பட்டார்.

தனிமனிதர் மட்டுமா இவ்வாறு ஏமாறுவது? இலங்கைக் கரையில் 1905-ஆம் ஆண்டு நடந்த குளிப்பில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் கிடைத்தன. அந்த மகத்தான வருஷத்தைக் கண்டு மயங்கிய ஒரு கம்பெனி, 1906-இல் இலங்கை முத்துப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1906-லும் 1907-லும் குளிப்பு நடந்தது. பின்னர் பார்கள் வெறுமையாகிவிட்டன. 1925 வரையில் அங்கே குளிப்பே இல்லை. குத்தகை ஓலையிலும் கையெழுத்திலும் ஒரு குறையுமில்லை. கடந்த விரிப்பில் வந்த சீட்டு அடுத்த விரிப்பிலும் வரும் என்று நம்பி விலை கொடுத்ததுதான் குறை.

நம்முடைய பாட்டனார் 1950-களின் பிற்பகுதியில் குளித்தவர். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெருங்குளிப்பு. கரை ஏறியதும் தம் பங்குச் சிப்பிகளை அங்கேயே, மணல்மேலேயே, கூடிநின்ற ஜனங்களுக்குச் சில்லறையாக விற்றுவிட்டு வீடு வருவது அவர் வழக்கமாம். "ஒண்ணையாவது திறந்து பார்க்கத் தோணலையா தாத்தா?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறோம். "மூச்சைப் பணயம் வச்சவன் காசையும் வைக்கணுமாய்யா? ஒரு ஆளுக்கு ஒரு பந்தயம் போதும்" என்பார். எதைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பந்தயத்தின் தொடக்கத்தில் நடுத்தர ஜோடியை ஏன் அடக்கமாக ஆடவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வில்லை வேறு, காசு வேறு. முதல் மணி நேரத்தில் நம் வில்லைகள் இரட்டித்துவிட்டால், நாம் பெறக்கூடிய பரிசு இரட்டிப்பதில்லை. இன்னும் நூற்றுக்கணக்கானவர்களைக் கடக்கவேண்டியிருக்கிறது. ஆனால் வில்லைகள் அத்தனையும் போய்விட்டால் கட்டணம் முழுவதும் போய்விட்டது. ஏறினால் அரை அடி, சறுக்கினால் முழு ஆழம் என்ற இடத்தில் நின்றுகொண்டு, எட்டு ஜோடியை நம்பி எல்லாவற்றையும் நடுவில் தள்ளுவது விவேகமாகாது. எதிரியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் நாம் வெல்ல நூற்றுக்கு 55. எதிரியிடம் பெரிய ஜோடி இருந்தால் நூற்றுக்கு 20-க்கும் குறைவு. இரவு வளர்ந்து, கட்டாயப் பணயம் ஏறி, கைமுதல் தேய்ந்த பிறகு அதே எட்டு ஜோடியைத் துணிந்து தள்ளவேண்டிய வேளையும் வரும். அது வேறு வேளை, வேறு நியாயம்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் பந்தயத்தின் தலைமைப் போட்டி. 7,221 பேர், ஆளுக்கு 10,000 டாலர் கட்டி அமர்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் 50,000 வில்லைகள். முதல் கட்டம்கூட முடியவில்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரியான வனெஸ்ஸா செல்ப்ஸ்ட் என்பாருக்கு ஏஸ் ஜோடி வந்தது. பிரான்ஸ் தேசத்துக் கயேல் பௌமான் என்பாருக்கு ஏழு ஜோடி. நடுவில் விரிந்தவை ஏஸ், ஏழு, ஐந்து. ஒருவரிடம் மூன்று ஏஸ். மற்றவரிடம் மூன்று ஏழு! நான்காவது சீட்டு இன்னோர் ஏழு. கடைசிச் சீட்டு நான்கு. நான்கு ஏழுகளுக்கு முன்னே ஏஸ்கள் அடிபட்டு, செல்ப்ஸ்ட் அம்மையார் அந்த ஒரே ஆட்டத்தில் 50,000 வில்லைகளையும் இழந்து எழுந்து போனார்.

இதைக் கேட்டவர்கள், "பார்த்தீர்களா, ஏழு ஜோடியின் மகிமையை!" என்பார்கள். சற்றுப் பொறுங்கள். மூன்று சீட்டு விரிந்த நிமிஷத்தில் நிலைமை என்ன? பௌமான் அம்மையார் விரும்பிய ஏழு வந்துவிட்டது. 17-க்கு 2 என்ற அதிருஷ்டம் பலித்துவிட்டது. பலித்தும் அவர் தோற்றுக்கொண்டிருந்தார்! கட்டில் எஞ்சியிருந்த ஒரே ஓர் ஏழுதான் அவரைக் காப்பாற்றக்கூடியது. அது அடுத்த இரண்டு சீட்டுக்குள் வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்கு சொச்சம். வந்தது. வராதிருந்தால் எழுந்து போயிருக்கவேண்டியவர் அவரே; அப்போது இந்தக் கதையை ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இதன் மறுபக்கத்தை 2003-ஆம் ஆண்டின் அதே தலைமைப் போட்டியில் காணலாம். 839 பேரில் பத்துப் பேர் எஞ்சியிருந்த வேளை. பில் ஐவி என்ற பேர்போன ஆட்டக்காரரிடம் ஒன்பது ஜோடி; கிரிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளரிடம் ஏஸும் ராணியும். முதலில் ராணி, ஆறு, ராணி, மணிமேக்கர் முன்னே. நான்காவது ஒன்பது, ஐவி முன்னே. மணிமேக்கருக்கு உதவக்கூடியவை எஞ்சிய 44 சீட்டில் 7 மட்டுமே. கடைசிச் சீட்டு ஏஸ். ஐவி பத்தாமிடத்தோடு எழுந்தார். மணிமேக்கர் இறுதியில் 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். வெற்றி ஒருவருடைய முடிவைச் சரியென்று நிரூபிப்பதில்லை. தோல்வி தவறென்றும் நிரூபிப்பதில்லை. கணக்குப் பாடத்தில் விடை தற்செயலாகச் சரியாயிருந்து வழி தவறாயிருந்தால் நாம் மார்க்குக் கொடுப்பதில்லை அல்லவா?

இவ்வளவும் நமக்கு வெறும் வேடிக்கையாயிருந்த காலம், நம்மிடம் பத்தாம் வகுப்புவரை படித்த ஒரு பிள்ளையின் தாயார் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று முடிந்தது. பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவன்; விடுமுறையில் வந்திருந்தான். கோவாவில் மாண்டவி நதியில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களில் போக்கர் பந்தயம் நடக்கிறதென்றும், சேர்த்து வைத்த பணத்தோடு அங்கே போகப் போகிறானென்றும் அந்த அம்மாள் சொன்னார். அந்தப் பணம் தகப்பனாருடைய வள்ளத்துக்குப் புது என்ஜின் வாங்கவும், தங்கையின் படிப்புக்கும் என்று வைத்தது. "சார், நீங்க ஒரு வார்த்தை போகாதேன்னு சொன்னா கேப்பான். உங்களுக்குத்தான் பயப்படுவான்" என்றார்.

போகாதே என்று சொல்லுவது எளிது. ஆனால் இருபத்தாறு வயதுப் பிள்ளை, சமுத்திரங்களைக் கடந்தவன், பள்ளிக்கூடத்துப் பயத்தினால் ஒரு தடவை நிற்பான். மறுதடவை நம்மிடம் சொல்லாமல் போவான். ஆகவே அவனை மாலையில் வரச்சொல்லி, ஒரு சீட்டுக்கட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் முன்னே வைத்தோம். இரண்டு எட்டுகளை எடுத்துத் தனியே வைத்து, மீதி 50 சீட்டைக் கலைத்து, மூன்றை விரிப்பது. எட்டு வந்ததா இல்லையா என்று குறிப்பது. நான்கு மாலைகளில் 170 தடவை விரித்தோம். கணக்கின்படி 20 தடவை வரவேண்டும், வந்தது 18. அதைவிட அவனை அயரவைத்தது வேறொன்று. நடுவே ஒரு சமயம் தொடர்ந்து 26 தடவை எட்டே வரவில்லை.

"தம்பி, நேரில் உட்கார்ந்து ஆடும் மேஜையில் ஒரு மணிக்கு 30 ஆட்டம் ஆகும் என்கிறாய். 17 ஆட்டத்துக்கு ஒரு ஜோடி. அப்படியானால் இந்த 26-க்கு எவ்வளவு நேரம்?" என்றோம்.

விரல்விட்டு எண்ணினான். "442 ஆட்டம். பதினஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், சார்" என்றான். பிறகு, "அப்போ எட்டு ஜோடி வந்தா தூக்கிப் போட்டுரணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். 500-க்குப் பார்க்கலாம், 5,000-க்குப் பார்க்காதே. நீ கடைசியில் பேசுகிறவனாயிருந்து, முன்னே இரண்டு மூன்று பேர் சும்மா வந்திருந்தால் இன்னும் நல்லது. அது போகட்டும். கோவாவில் கட்டும் கட்டணம் உன் கைமுதலில் எத்தனையில் ஒரு பங்கு?" என்றோம்.

அவன் பதில் சொல்லவில்லை. நோட்டை இழுத்துத் தானே எழுதினான். என்ஜினுக்கும் தங்கைக்கும் உரியதைக் கழித்துவிட்டு மீதியைக் கைமுதல் என்று கொண்டால், அவன் எண்ணியிருந்த பந்தயத்தின் கட்டணம் அதில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. அதே வாரத்தில் நடக்கும் சிறிய பந்தயம் ஒன்றின் கட்டணம் நாற்பதில் ஒரு பங்கு. வெகுநேரம் இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜின் பணத்தை மறுநாளே தகப்பனார் கையில் கொடுத்துவிட்டு, சிறிய பந்தயத்துக்குப் போனான்.

முதல் நாளே தோற்றுத் திரும்பினான். தோல்வியைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் மறக்க முடியவில்லை என்றான். முதல் மணி நேரத்தில் ஏழு ஜோடி வந்ததாம். ஒருவர் உயர்த்த, இன்னொருவர் கைமுதலில் கால் பங்குக்கு உயர்த்த, இவன் கவிழ்த்துவிட்டான். விரிந்த முதல் சீட்டே ஏழு. "நின்னிருந்தா ரெண்டு பேர் வில்லையும் எனக்குத்தான் சார். கவிழ்த்தது தப்பா?" என்று கேட்டான். தப்பில்லை என்றோம். அவன் முகம் தெளியவில்லை. தெளியவும் கூடாது, அந்த ஏழைக் கண்ணால் கண்டும், மறுமுறை அதே விலைக்குக் கவிழ்க்கத் துணிவதுதான் கடினமான பாடம். அதை உபாத்தியாயர் சொல்லிக்கொடுக்க முடியாது. தாயாருக்கோ நம்மேல் வருத்தம் இன்னும் முற்றிலும் தீரவில்லை. "போகாதேன்னு நீங்க சொல்லலியே, சார்" என்று ஒருமுறை சொன்னார். அவர் வருத்தத்திலும் நியாயம் உண்டு. தங்கை கல்லூரிக்குப் போய் வருகிறாள். வள்ளத்தில் புது என்ஜின் ஓடுகிறது. அவற்றைச் சொல்லி அவரிடம் வாதாட நமக்கு மனமில்லை.

நேருக்கு நேர் ஆடும் மேஜையையும் கைப்பேசியில் ஆடுவதையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. நம் மாட்டுத் தாவணிகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வியாபாரிகளைப் பார்த்திருப்பீர்கள். விரல் ஒன்றைச் சொல்லும். முகம் ஒன்றையும் சொல்லாது. மேஜையில் ஆடுபவனும் அப்படியே. எதிரே மனிதர் இருக்கிறார். அவர் மூச்சு வாங்குகிறது. நமக்கு வெட்கம் என்ற ஒன்று இருக்கிறது. எழுந்து போக ஒரு வாசல் இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரையிலான ஜோடி அங்கே 55 ஆட்டத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு மணிக்கு ஒருமுறைதான் வரும். அந்தக் காத்திருப்பே ஒரு காவல். கைப்பேசியில் முகமும் இல்லை, வாசலும் இல்லை. நள்ளிரவில் போர்வைக்குள்ளேயே வீட்டை விற்றுவிடலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வேறுபாடுகளோடு நெடுங்காலமாக மல்லாடிவருகிறது. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. 1968-இல் சுப்ரீம் கோர்ட்டு, ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றும், மூணு சீட்டு முற்றிலும் அதிருஷ்டம் என்றும் பிரித்துக் கூறியது. 2022-இல் தமிழ்நாடு சட்டசபை இயற்றிய சட்டம், இணையத்தில் ஆடும் ரம்மியையும் போக்கரையும் அதிருஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு, சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அவ்விரண்டையும் அப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையா அதிருஷ்டமா என்ற வழக்கையே ஒதுக்கிவிட்டு, காசு கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவானாலும் கூடாதென்று சட்டம் செய்தது. கடன்பட்டு மடிந்தவர்களின் வீடுகளைக் கண்ட எவரும் அதன் நோக்கத்தைக் குறைகூறமாட்டார்.

திறமையா, அதிருஷ்டமா என்று கோர்ட்டுகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி, வைப்பது கைமுதலில் எத்தனையில் ஒரு பங்கு என்பது. திறமைசாலியும் பாதியை வைத்தால் இரண்டு கெட்ட நாட்களில் தெருவுக்கு வந்துவிடுவான். இது சீட்டுக்கு மட்டும் அன்று. பிள்ளையை ஒரே ஒரு பரீட்சைக்கென்று நான்கு வருஷம் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தகப்பனாரும், ஒரே பருவத்தை நம்பி நகையனைத்தையும் அடகு வைத்து வலை வாங்கும் தொழிலாளியும் இதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு இளைஞர் எவரேனும் இவ்வாட்டத்தைப் பற்றிப் பேசினால், சினந்து எழுந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள். இரண்டு எட்டுகளைத் தனியே வையுங்கள். மீதியைக் கலைத்து, மூன்று மூன்றாக நூறு தடவை விரியுங்கள். எத்தனை தடவை மூன்றாவது எட்டு வருகிறதென்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். காசு ஒன்றும் வைக்கவேண்டாம். நான்கு மாலை செலவாகும், அவ்வளவே. அந்த நோட்டில் அவன் தன் கையால் எழுதிய எண்கள், நம்முடைய உபதேசத்தைக் காட்டிலும் அவனிடம் நெடுநாள் தங்கும்.